தவராசா அண்ணையைக் கீழே இறக்கிய கதை

உங்கள் பயிற்சிக் கையேட்டில் ‘பயணி இறங்க மறுத்தால்’ என்றொரு பக்கம் இருக்கிறது. உறுதியாகப் பேசுங்கள், காரணத்தை விளக்குங்கள், ஒப்பந்தத்தை நினைவூட்டுங்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல பக்கம்தான். அதை எழுதியவர் தன் ஆயுளில் ஒரு நாளாவது யாழ்ப்பாணத்து வடமராட்சி அண்ணை ஒருவரை மலையிலிருந்து இறக்கப் பார்த்திருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. ரொறன்ரோவிலிருந்து ஆட்களைச் சேர்த்து, எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடத்திக் கூட்டிப் போய், போன எண்ணிக்கையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. முழங்கால்கள் இரண்டும் கூட்டாக வேலைநிறுத்தம் செய்த பிறகு ஸ்காபரோவில் வீட்டோடு இருக்கிறேன். வழிகாட்டிகளாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். என்ன சப்பாத்து வாங்குவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரேயொரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் மலை கிடையாது. இது நமது தொழிலுக்குப் பெரிய குறை. எனவே பயணத்துக்கு முந்திய குளிர்காலம் முழுவதும் சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடமொன்றில் படிக்கட்டு ஏறுவோம். எங்கள் குழுவில் இருந்த மிதுனாவும் அவளுடைய தாயும் அந்தக் கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். முதுகில் அரிசி மூட்டையுடன் பத்துப் பேர் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்து அங்கிருந்தவர்கள், “லிஃப்ற் திரும்பவும் பழுதோ?” என்று கேட்பார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வீட்டுக் கறி மணக்கும். மேல் மாடிக்கு வரும்போது பசி வந்துவிடும். இப்போது இமயத்தைவிட அந்தப் படிக்கட்டைத்தான் அதிகம் தேடுகிறேன் என்றால் சிரிக்காதீர்கள்.

மிதுனா இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். குழுவில் மிகவும் இளையவளும் நன்றாக நடப்பவளும் அவள்தான். தாய்க்கு இந்தப் பயணம் துளியும் பிடிக்கவில்லை. படிக்கட்டுப் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ? காய்ச்சல், வருத்தம் எண்டு பாதியிலை திரும்பி வரப்போறாய், இருந்து பார்” என்பார். மிதுனா மூட்டையை முதுகில் இறுக்கிக் கட்டுவாள். இன்னொரு தடவை ஏறுவாள்.

தவராசா அண்ணை அறுபதைத் தாண்டியவர். விட்பியில் வீடு, கட்டட வேலைக்கு ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். அந்தச் சங்கத்தின் பதாகையை அடிவார முகாமில் பிடித்துப் படம் எடுப்பேன் என்று ஒரு இராப்போசன விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. நம்மவர்கள் ஒலிவாங்கியில் சொன்னதை மீறுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடையின் முதல் நாட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தன! நேபாளத்து விடுதிகளின் பருப்புச் சோறு வந்தவுடன், ரெக்ஸ்டேலில் குழாய் வேலை செய்யும் நஸீர் தன் பையிலிருந்து கட்டைச்சம்பல் போத்தலை எடுப்பார். எல்லோரும் தட்டை நீட்டுவோம். தவராசா அண்ணை ஊர்க் கதை சொல்லுவார், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் சிரிப்பு வரும். மிதுனாவைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். “பிள்ளை, தொப்பியைப் போடும். காது குளிருது பாரும்” என்று நாள் முழுவதும் அவளுடைய காதைப் பற்றியே கவலை. மலையில் என்னை யாரும் அன்ரி என்று கூப்பிடக் கூடாது என்று நான் தடை போட்டிருந்தேன். அதனால் மிதுனாவுக்கு நான் அக்கா. தவராசா அண்ணைக்கு நான் தங்கச்சி.

எல்லா வில்லங்கமும் அந்த முறைப்பெயரில்தான் இருந்தது. இங்கே பிறந்த உங்களில் சிலருக்கு இது விளங்காமல் போகலாம். ஒருவரை அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவருக்குக் கட்டளையிட முடியாது. அவர் கேட்க மாட்டார் என்பதுகூடச் சின்ன விஷயம். பார்த்துக்கொண்டு நிற்கிற மற்றவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

லொபூசே என்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. அங்கிருந்து முகாம் கிட்டத்தான். ஆனால் காற்று நன்றாக மெலிந்துவிட்ட உயரம். நான் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனேன். தவராசா அண்ணையிடம் வந்தபோது அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், “அண்ணை நல்லா இருக்கிறார்” என்றார். இன்னொருவர், “இப்பதான் சூப் குடிச்சவர்” என்றார். அண்ணை தலையை ஆட்டினார். நானும் அடுத்த ஆளிடம் போனேன்.

மிதுனாதான் என் பின்னால் வந்து கையைப் பிடித்தாள். “அக்கா, அங்கிள் ஓகே இல்லை. சீரியஸ்.”

“என்ன நடந்தது?”

“சூப்பை அவர் குடிக்கேல்லை. நஸீர் அங்கிள்தான் குடிச்சவர். காலமையிலை இருந்து அவரின்ரை பையையும் நஸீர் அங்கிள்தான் தூக்கிக்கொண்டு வாறார். குடிச்ச தண்ணியையும் ரெண்டு தரம் சத்தி எடுத்தவர். உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். அது மரியாதை இல்லையாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நஸீரை வெளியே கூப்பிட்டுக் கிழித்தேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, “வயசுக்கு மூத்தவர் அக்கா. அவர் சொல்ல வேண்டாம் எண்டு சொன்ன பிறகு நான் எப்படிச் சொல்றது?” என்றார். அவருடைய தோளில் இரண்டு பைகளின் வார்த் தடமும் பதிந்திருந்தது. முழுக் குழுவும் சேர்ந்து, மரியாதை என்கிற பெயரில், ஒரு மனிதரை மெல்ல மெல்லச் சாகக் கொண்டு போயிருக்கிறது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேறு எந்த நாட்டுக் குழுவிலும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

அண்ணையை முற்றத்துக்குக் கூட்டி வந்து, பதித்திருந்த கல் வரிசையில் ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நேராக நடக்கச் சொன்னேன். தொடங்கிய உடனேயே ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தார். “கல்லு சரியா வைக்கேல்லை” என்று சிரித்தார். கல் நேராகத்தான் இருந்தது. உயரத்தின் நோய் அவருடைய மூளைக்கு ஏறிவிட்டது. அந்த நிலையில் ஒரே மருந்துதான் உண்டு, இறங்குவது. சொந்தக் காலில் நடக்க முடிகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இறங்க வேண்டும். விட்டால் தூக்கித்தான் இறக்க வேண்டும், அதையும் விட்டால் தூக்கியும் பயனில்லை. இன்று நீங்கள் தொலைபேசியைத் தட்டினால் ஹெலிகொப்டர் வருகிறது. அன்றைக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் அடைத்து நின்றது.

“அண்ணை, இப்பவே கீழை இறங்கவேணும்” என்றேன். காரணத்தை விளக்கினேன். உறுதியாகப் பேசினேன். ஒப்பந்தத்தைக்கூட நினைவூட்டினேன்.

குளிசை கொடுத்தேன், விழுங்கினார். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. “தங்கச்சி, சும்மா வெருட்டாதையும். நித்திரை கொண்டா எல்லாம் சரியாகும். சனத்துக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். இனி நான் இறங்கிறதெண்டா என்னைப் பிணமாத்தான் இறக்கவேணும்.”

“அண்ணையை அப்பிடி ஏசாதேங்கோ” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பார்த்தீர்களா? ஏசினது நானாம்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். எங்கள் உள்ளூர் வழிகாட்டி பெம்பா அங்கே அடுப்பருகே நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பலவந்தமாகத் தூக்குவதைப் பற்றிப் பேசினோம். அண்ணை நல்ல உடம்புக்காரர். திமிறினால் அந்தப் பாதையில் தூக்குகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். அந்த மனிதர் என் பொறுப்பில் இருந்தார், என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார், அவரிடம் தங்கச்சியாக நின்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மிதுனா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “அக்கா, எனக்கு வருத்தம் எண்டு சொல்லட்டா?” என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

“அவருக்காக அவர் இறங்க மாட்டார். எனக்காக இறங்குவார். I know him, அக்கா.”

அவள் எதைக் கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் நடந்தால் மறுநாள் முகாம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஏறிய படிகள், கதவடியில் நின்று தாய் சொன்ன சொல், எல்லாம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் வேறு வழி என்று எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. “சரி” என்றேன். கையேட்டில் இப்படி ஒரு வழி இல்லை. பயணியிடம் பொய் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறது, அது சரியும்கூட. அன்றைக்கு நான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை அந்த முற்றத்தில் நிற்க நேர்ந்தாலும் அதையே சொல்லுவேன்.

“அண்ணை, மிதுனாவுக்குச் சரியில்லை. சத்தி எடுக்கிறா. உடனை கீழை பெரிச்சே ஆஸ்பத்திரிக்கு இறக்கவேணும். குழுவை விட்டிட்டு நான் போகேலாது. ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அனுப்ப எனக்கு மனமில்லை” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “எங்கை என்ரை சப்பாத்து?”

அவ்வளவுதான். பதாகையை எடுத்து நஸீரின் கையில் வைத்தார். சப்பாத்துக் கயிற்றை முடிய அவருடைய விரல்களால் முடியவில்லை, பெம்பா குனிந்து கட்டிவிட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற மிதுனாவின் தலையில் கையை வைத்து, “பயப்பிடாதையும் பிள்ளை. நான் வாறன்தானே” என்றார். பெம்பாவும் ஒரு சுமைகாரரும் அவர்களோடு போனார்கள். மேகத்துக்குள் அவர்கள் நாலு பேரும் மறையும்வரை நான் அசையவில்லை.

வழியில் நடந்ததைப் பெம்பாவும் மிதுனாவும் பிறகு எனக்குச் சொன்னார்கள். கையோடு கொண்டுபோன ஒட்சிசன் போத்தல் பிள்ளைக்குத்தான் என்று அண்ணை பிடிவாதம் பிடித்திருக்கிறார். “எனக்குப் பயமாக்கிடக்கு அங்கிள். முதல் நீங்கள் இழுத்துக் காட்டுங்கோ” என்று மிதுனா அழுதாளாம். அவர் இழுத்துக் காட்டினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி காட்டச் சொன்னாள். பாதி வழியில் அண்ணை ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். இனி நடக்கேலாது, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருகிறேன் என்றார். அப்படிக் கண்ணயர்ந்தவர்கள் எழும்புவதில்லை. மிதுனா அவர் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என்னை விட்டிட்டு நித்திரை கொள்ளாதேங்கோ அங்கிள், எனக்கு ஆருமில்லை” என்று கத்தியிருக்கிறாள். அந்த நேரம் அவள் நடிக்கவில்லை என்று பெம்பா சொன்னார். அண்ணை எழும்பி நடந்தார். பெரிச்சேயில் உள்ள சின்ன வைத்திய நிலையத்தில் அவரைப் பார்த்த வைத்தியர், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம்.

நாங்கள் மற்றவர்கள் முகாமுக்குப் போனோம். நஸீர் பதாகையைப் பிடித்தார். எனக்கு அந்த முறை மலையைப் பார்க்க மனம் வரவில்லை.

என் கட்டுப்பாட்டை மீறி இன்னொன்றும் நடந்துவிட்டது. குழுவில் ஒருவர் விடுதியின் இணைய இணைப்பில், மிதுனாவுக்கு வருத்தம் என்றும் தவராசா அண்ணை தன் ஆசையைத் துறந்து பிள்ளையைக் காப்பாற்றினார் என்றும் ரொறன்ரோவுக்குச் செய்தி போட்டுவிட்டார். நாங்கள் பெரிச்சேக்கு இறங்கி வருமுன் செய்தி விட்பிக்கும் சென் ஜேம்ஸ் ரவுணுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரிச்சேயில் அண்ணை வெயிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

“தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் இல்லை.”

நான் பையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இறங்க இறங்க எனக்குத் தலை தெளிஞ்சுது. அவள் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னாலை குதிச்சு இறங்கிறாள். தடக்கி விழுறது நான். இஞ்சை வந்து சேரேக்கையே எனக்கு எல்லாம் விளங்கீட்டுது.”

“அப்ப ஏன் அவளிட்டைச் சொல்லேல்லை?”

அவர் கையைப் பிசைந்தார். “அடுத்த நாள் காலமை அவள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மேலை பாத்துக்கொண்டு நிண்டவள். சுமைகாரனும் நிண்டவன். ‘நீ போ பிள்ளை, எனக்குத் தெரியும்’ எண்டு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவள் உங்களை எட்டிப் பிடிச்சிருப்பாள். பேஸ் காம்ப்பும் பாத்திருப்பாள். எனக்குப் பயமாயிருந்தது தங்கச்சி. இந்த இடத்திலை தனியக் கிடந்து சாகப் பயமாயிருந்தது. அதாலை, அவள் வருத்தக்காரியாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

அவரை ஏசவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. திரும்பும் நடையில் அவர் கதையே சொல்லவில்லை. வீட்டுக்கு உண்மையை நான் சொல்கிறேன் என்று மிதுனாவிடம் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. “வேண்டாம் அக்கா. அங்கிளுக்கு அது பெரிய ஷேம்” என்றாள். தாயின் செய்தி அவளுடைய தொலைபேசியில் ஏற்கெனவே வந்து கிடந்தது. நான் கேட்காமலே காட்டினாள். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று மட்டும் இருந்தது.

ரொறன்ரோ விமான நிலையத்தில் பழைய மாணவர் சங்கம் மாலையோடு நின்றது. வெளிநாட்டில் பூமாலை கட்டி எடுத்து வருவதில் நம்மவர்களை அடிக்க ஆளில்லை. படமெடுக்க ஒருவர், பூங்கொத்தோடு இரண்டு பெண்கள். கொஞ்சம் தள்ளி, தனியாக, மிதுனாவின் தாய். அவர் மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொல்வழி கேட்டியோ? என்னை உயிரோடை கொன்றுபோட்டாய். ஊர்ச் சனத்துக்கெல்லாம் கரைச்சல் குடுத்து, பாவம் அந்த மனுசனும் உன்னாலை...” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மிதுனா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவராசா அண்ணை தன் கழுத்துக்கு வந்த மாலையைக் கையால் தடுத்தார். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு அந்தத் தாயிடம் போனார்.

“தங்கச்சி, பிள்ளையை ஏசாதேங்கோ. வருத்தம் வந்தது எனக்கு.”

தாய் விளங்காமல் பார்த்தார்.

“எனக்குத்தான் தலை மாறிப்போச்சு. ஆர் சொல்லியும் நான் இறங்கேல்லை. உங்கடை பிள்ளை தனக்கு வருத்தம் எண்டு நடிச்சு என்னை இறக்கினவ. அது எனக்கு விளங்கின பிறகும், மேலை போ எண்டு அவவை விட எனக்கு மனம் வரேல்லை. பயத்திலை பிடிச்சு வைச்சிருந்தனான். அவ போகாதது என்னாலை.” இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. ஒலிவாங்கி இல்லாமலே அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

மாலை பிடித்தவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மலையில் என்னால் செய்ய முடியாமல் போனதை, அந்த இடத்தில், தன் ஆட்களுக்கு முன்னால், அந்த மனிதர் தானே செய்தார், தன்னைக் கீழே இறக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கண்ட ஏற்றங்களில் அதுதான் கஷ்டமானது. பிள்ளைகளே, ஆட்களை இறக்கப் பழகுங்கள், அது உங்கள் வேலை. இறங்கி வந்தவர் நிமிர்ந்து நிற்க ஒரு இடத்தையும் விட்டு வையுங்கள். அவர் அதில் எப்படி நிற்பார் என்று உங்களால் ஊகிக்க முடியாது.

தாய் மகள் பக்கம் திரும்பினார். “அப்ப உனக்கு ஒண்டுமில்லையோ?” என்று கேட்டார்.

“இல்லையம்மா.”

“கால் நோவு, தலையிடி?”

“ஒண்டுமில்லை.”

தாய் அவளுடைய தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப அடுத்த வருசம் மிச்சத்தையும் நடந்துபோட்டு வா.”